வீட்டுத் தோட்டத்தில் பிரண்டை: உணவாகட்டும், மாவுக்கட்டுக்கு மாற்றாக வேண்டாம்

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் முதியவரின் உறவினர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்த பின்னர், கதவருகே நின்று ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். "அம்மாவுக்குப் பிரண்டைத் துவையல் அரைத்துக் கொடுக்கலாமா, டாக்டர்?" சிலர் கேட்பதில்லை, வீட்டிற்குச் சென்றதும் தாமாகவே கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலரோ, முறிந்த கையின்மீது பிரண்டையை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டி, வலி தாங்க இயலாத நிலையில் பல நாட்கள் கழித்தே மருத்துவமனைக்கு வருகின்றனர்.

இந்த மூன்று வகையினருக்கும் பயன்படும் வகையில், பிரண்டை என்னும் கொடியைப் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது. அதனை வீட்டில் எவ்வாறு வளர்ப்பது, எவ்வாறு சமைப்பது, யார் உண்ணலாம், யார் தவிர்க்க வேண்டும், முறிந்த எலும்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கொடியை அறிந்துகொள்வோம்

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். நான்கு கோணங்களை உடையது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டு நான்கு பட்டைகளாகவும், கணுக்கணுவாக இணைந்த சங்கிலி போலவும் காணப்படும். கணுவில் ஒரு பக்கம் சிறிய இலையும், அதற்கு எதிர்ப்பக்கம் பற்றுக்கம்பியும் தோன்றும். இலைகள் நெடுநாள் தங்குவதில்லை. பழுத்த கனி சிவந்து உருண்டையாக இருக்கும்.

வடமொழியில் இதனை வச்சிரவல்லி என்றும் அஸ்திசம்ஹாரி என்றும் கூறுவர். இந்தியில் ஹட்ஜோட், அதாவது எலும்பை இணைப்பது, என்று பெயர். ராஜபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தினர் நல்லேறு என்றால் உடனே புரிந்துகொள்வர். நாற்பட்டைப் பிரண்டையே பரவலாகக் கிடைப்பது. மூன்று பட்டைகளை உடைய முப்பிரண்டை, தட்டையான ஓலைப்பிரண்டை போன்ற வகைகளும் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மழை குறைந்த செம்மண் நிலத்தில், வேலிகளின்மீதும் புதர்களின்மீதும் தானாகப் படர்வது இதன் இயல்பு. இங்கு இலையின் வேலையைத் தண்டே செய்கிறது. தண்டிலுள்ள நுண்துளைகள் பகல் வெப்பத்தில் மூடியிருந்து, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை ஏற்கின்றன. ஆதலால் நீர் வீணாவதில்லை. சித்திரை வெயிலில் மற்ற செடிகள் வாடி நிற்கும்போதும் பிரண்டை பசுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வேலியில் கிடைப்பதை வீட்டில் வளர்ப்பது ஏன்?

வேலியில் இலவசமாகக் கிடைக்கும் கொடியைத் தொட்டியில் வைத்து வளர்க்க வேண்டுமா என்று தோன்றலாம். நோயுற்றவர் உள்ள வீட்டிற்கு இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது தூய்மை. சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் படர்ந்த கொடியில் வாகனப் புகையின் படிவும் கழிவுநீரின் கிருமிகளும் இருக்கலாம். வயல் வேலியில் உள்ள கொடியில் களைக்கொல்லி பட்டிருக்கலாம். உடல் தளர்ந்திருப்பவருக்குக் கொடுக்கும் உணவில் இத்தகைய ஐயத்திற்கு இடம் இருத்தல் ஆகாது.

இரண்டாவது சட்டம். மலையடிவாரக் காடுகள் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாகவும் பாதுகாக்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து அனுமதியின்றித் தாவரங்களைப் பறித்து வருதல் குற்றமாகும்.

மூன்றாவது அடையாளம். சதைப்பற்றுள்ள கள்ளி வகைகள் சில, பார்வைக்குப் பிரண்டையை ஒத்திருக்கும். கள்ளியை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் நச்சுத்தன்மை உடையது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளைவிக்கும். பிரண்டையை ஒடித்தால் நீர் போன்ற சாறுதான் வரும், பால் வராது. கணுவும் பற்றுக்கம்பியும் இருக்கின்றனவா, பால் வடியாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்த பின்னரே தண்டை நடுதல் வேண்டும். ஒருமுறை சரியாக இனங்கண்டு நட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் ஐயுற வேண்டியதில்லை.

நடும் முறை

பிரண்டைக்கு விதை தேவையில்லை. அண்டை வீட்டாரிடமிருந்து ஒரு முழம் தண்டு கிடைத்தால் போதும். மிகவும் இளசாகவும் இல்லாமல், நார் முற்றியதாகவும் இல்லாமல், இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக அதனை வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டிய துண்டுகளை இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்த பின்னரே நட வேண்டும். ஈரமான வெட்டுவாயுடன் நட்டால் தண்டு அழுகிவிடக்கூடும்.

பன்னிரண்டு அங்குல அகலமுள்ள தொட்டியோ வளர்ப்புப் பையோ ஒரு கொடிக்குப் போதுமானது. அடியில் நீர் வடியும் துளைகள் இருத்தல் மிகவும் இன்றியமையாதது. செம்மண், மணல், மக்கிய எரு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு, மேல்பகுதி மேலாகவே இருக்கும்படி தண்டை ஊன்ற வேண்டும். வேர் பிடிக்கும் வரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும். ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில் புதிய தளிர் தோன்றும்.

நம் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. அம்மழைக்கு முன்னதாக ஆடி, ஆவணியில் நட்டு வேர் பிடிக்கச் செய்வது நன்று. தவறினால் மழை ஓய்ந்த பின்னர் தை, மாசியில் நடலாம். அடைமழையில் நடுவதைத் தவிர்க்கவும்.

அரை நாள் வெயில் படும் இடமே ஏற்றது. பால்கனிக் கம்பியோ, மூன்று மூங்கில் குச்சிகளைக் கட்டிய சிறு பந்தலோ படர்வதற்குப் போதும். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் தேவையே இராது. பிரண்டை வாடி அழிவது அரிது. அழுகி அழிவதே மிகுதி. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இரு கைப்பிடி எரு இட்டால் போதும். மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மிகுதியானால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம்.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரைப் பற்றியும் கூறியாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய சிறிதளவு தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. தட்டை வாரத்திற்கு ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நன்று.

ஐந்து ஆறு மாதங்களில் கொடி நன்கு படர்ந்துவிடும். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுக்கள் வரை உள்ள இளந்தண்டையே சமையலுக்குப் பறிக்க வேண்டும். பறித்த இடத்தின் கீழிருந்து புதிய கிளைகள் தோன்றும். ஒரு தொட்டிக் கொடி, ஒரு குடும்பத்தின் துவையலுக்குப் பல ஆண்டுகள் போதுமானது.

நோயாளியும் தோட்ட வேலையும்

எலும்பு முறிவிலிருந்து தேறிவரும் முதியவர் நாள்தோறும் ஒரு செடியைக் கவனிப்பது நல்லதே. படுக்கையை விட்டு எழவும், காலை வெயிலில் சிறிது நேரம் நிற்கவும், விரல்களை அசைக்கவும் அது ஒரு காரணமாக அமைகிறது. ஆயினும் மீண்டும் விழுந்துவிட்டால் பெற்ற பயன் அனைத்தும் போய்விடும். ஆகவே சில ஏற்பாடுகளைக் குடும்பத்தினர் முன்கூட்டியே செய்து தர வேண்டும்.

தொட்டியைத் தரையில் வைக்காமல், இடுப்பளவு உயரமுள்ள திண்ணையிலோ உறுதியான மேசையிலோ வைக்கவும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் குனிதலும், மணையில் அமர்தலும், குத்துக்காலிட்டு அமர்தலும் கூடாது. கைப்பிடி உள்ள நாற்காலியில் அமர்ந்தே செடியைக் கவனிக்கலாம். குடத்தையோ வாளியையோ தூக்காமல் சிறு குவளையால் நீர் ஊற்றட்டும். பாசி படிந்த தரையும் ஈரத்தரையும் ஆபத்தானவை. வழுக்காத காலணி அணியவும். எப்போது இத்தகைய வேலையைத் தொடங்கலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து தொடங்குவது முறை.

புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மண்ணையும் எருவையும் கையாள வேண்டாம். அவ்வேலையை வீட்டார் செய்யட்டும். அவர்கள் கொடி வளர்வதைப் பார்த்து மகிழட்டும்.

சமைக்கும் முறை

பிரண்டையைப் பச்சையாக மென்றாலோ, பச்சைச் சாற்றைக் குடித்தாலோ நாவும் தொண்டையும் அரித்துச் சிவந்துவிடும். அதன் தண்டில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி போன்ற நுண்படிகங்களாக இருப்பதே காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் பொருள் இதுவே.

இளந்தண்டைக் கழுவி, கணுக்களை நீக்கி, பட்டையோரத்து நாரை உரித்துச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளவும். நல்லெண்ணெயில் நிறம் மாறிச் சுருளும் வரை நன்றாக வதக்கவும். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், இஞ்சி, பெருங்காயம், சிறிது தேங்காய் ஆகியவற்றைத் தனியே வறுத்து, புளியும் உப்பும் சேர்த்து அரைத்தால் துவையல் ஆயத்தமாகிவிடும். நன்கு வதக்குவதும் புளி சேர்ப்பதும் அரிப்பை அடக்குகின்றன. அப்பளத்திற்கு மாவு பிசையும்போது பிரண்டைச் சாறு சேர்க்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு.

குருதியழுத்தம் உடையவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளவும். அப்பளமும் வற்றலும் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. உடல்நலம் உள்ள ஒருவர் வாரத்திற்கு ஓரிரு முறை, சோற்றுடன் ஒன்றிரண்டு தேக்கரண்டி துவையல் உண்ணலாம். அதனைத் தயிர்ச்சோற்றுடனோ மோருடனோ சேர்த்து உண்பது சிறப்பு. தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டுடன் சேர்ந்து மலத்துடன் வெளியேறிவிடுவதால், இரத்தத்திற்கும் சிறுநீரகத்திற்கும் செல்லும் ஆக்சலேட்டின் அளவு குறைகிறது.

யார் தவிர்க்க வேண்டும்?

நாக்கு அரிக்கவில்லை என்பதனால் ஆக்சலேட் முழுவதும் நீங்கிவிட்டதாகப் பொருள் கொள்ளலாகாது. அரிப்பு அடங்குவது வேறு. ஆக்சலேட் அகல்வது வேறு. சிறுநீரகத்தில் தோன்றும் கற்களில் மிகுதியானவை கால்சியம் ஆக்சலேட்டினால் ஆனவையே. வெயில் மிகுந்த நம் மாவட்டத்தில், வியர்வையால் உடல் நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியாகும்போது கல் உருவாகும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. ஆகவே சிறுநீரகக் கல் இருப்பவர்களும், முன்னர் இருந்து நீக்கப்பட்டவர்களும் பிரண்டையைத் தவிர்ப்பதே நன்று.

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உடையவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தம் மருத்துவரின் அனுமதியின்றி இதனை உண்ணக் கூடாது. சிறுநீரகம் வெளியேற்ற இயலாத ஆக்சலேட் உடலிலேயே தங்கிவிடும். வாய்ப்புண், தொண்டைப்புண், இரைப்பைப்புண் உள்ளவர்களும் ஆறும் வரை தவிர்க்கலாம்.

துவையலுக்கும், கடைகளில் விற்கப்படும் பிரண்டை மாத்திரைகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். உடல் எடை குறையவும் மூட்டுவலி நீங்கவும் என்று கூறிச் செறிவூட்டப்பட்ட பொடிகளும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. அவற்றின் ஒரு வேளை அளவு, ஒரு தேக்கரண்டித் துவையலில் உள்ளதைவிடப் பன்மடங்காக இருக்கக்கூடும். இத்தகைய சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகச் சில ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் இதனையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் இவற்றை உட்கொள்ள வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு வருபவர்கள், தாம் உட்கொள்ளும் மூலிகைப் பொருட்கள் அனைத்தையும் மயக்க மருந்து மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்ச வேண்டியதில்லை, மறைப்பதே தீங்கு.

எலும்பை ஒட்டுவது எது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பிரண்டை முறிந்த எலும்பை ஒட்டுமா?

முறிந்த எலும்பை ஒட்டுவது எலும்பேயாகும். முறிவு ஏற்பட்டவுடன் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில வாரங்களில் இரு முனைகளையும் இணைக்கும் மென்மையான திசு உருவாகிறது. பின்னர் அதில் கால்சியம் படிந்து கெட்டியான பாலமாகிறது. அதன் பிறகு பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், அந்தப் பாலம் செதுக்கப்பட்டுப் பழைய வடிவம் பெறுகிறது. இதனை உடல் தானாகவே செய்கிறது. மாவுக்கட்டும், தகடும், கம்பியும் எலும்பை ஒட்டுவதில்லை. அது நேராக ஒட்டும் வகையில் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன.

இந்த உண்மையிலேயே பிரண்டையின் புகழுக்கான விளக்கமும் அடங்கியுள்ளது. எளிய முறிவு ஏற்பட்ட ஒருவருக்குப் பிரண்டைப் பற்று இட்டாலும், இடாவிட்டாலும், சில வாரங்களில் எலும்பு ஒட்டிவிடும். பற்று இட்டவர், பற்றினால் ஒட்டியது என்று கூறுவார். கணுக்கணுவாக இணைந்த தண்டின் தோற்றமும் அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியிருக்கலாம். ஆனால் எலும்பு ஒட்டுவது அரிதன்று. நேராக ஒட்டுவதே அரிது. விலகிய முனைகளைப் பொருத்தாமல் விட்டால், கோணலாகவே ஒட்டிவிடும். அவ்வாறு ஒட்டிய கையை மீண்டும் அறுவை செய்து நிமிர்த்த நேர்வதும் உண்டு.

ஆயினும், முன்னோர் கூறியது முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் அறிவியல் முற்படவில்லை. 1960-களின் தொடக்கத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் கே. என். உடுப்பாவும் அவருடன் பணியாற்றிய பிரசாதும் விலங்குகளில் இதனை ஆராய்ந்தனர். கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு எலும்பில் கால்சியம் படிவதை அளந்து, 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், பிரண்டைச் சாறு பெற்ற விலங்குகளில் முறிவு விரைந்து வலுப்பெற்றதாகத் தெரிவித்தனர். பிற்காலத்தில் முக எலும்பு முறிந்த சில நோயாளிகளிடமும் சிறிய ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றிலும் நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் காணப்பட்டன.

இவ்வாய்வுகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். ஒன்று, அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் மிகச் சிலரே. இடுப்பு எலும்பு முறிந்த எண்பது வயது மூதாட்டிக்கு அம்முடிவுகள் பொருந்தும் என்று உறுதி கூற இயலாது. மற்றொன்று, முறிந்த எலும்பை முறைப்படி பொருத்தி நிலைநிறுத்தும் சிகிச்சையுடன் கூடுதலாகவே பிரண்டை கொடுத்துப் பார்க்கப்பட்டது. பொருத்துவதற்குப் பதிலாகப் பிரண்டை கொடுக்கப்படவில்லை.

கட்டு இறுகினால்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, நாட்டின் பல பகுதி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. அத்துணி நெய்யும் மக்களுக்கு, கட்டு என்பது புண்ணைக் காக்கும் பொருள் என்பது நன்கு தெரியும். அதே கட்டு அளவுக்கு மீறி இறுகினால் உறுப்பையே இழக்கச் செய்யும் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.

முறிந்த இடம் முதல் ஓரிரு நாட்களில் வீங்கும். அந்நேரத்தில் துணியும் தப்பையும் வைத்து இறுகக் கட்டினால், வீக்கம் வெளியே செல்ல இடமின்றி உள்ளேயே அழுத்தம் பெருகும். தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் செல்வது தடைப்படும். சில மணி நேரத்திற்குள் அத்தடையை நீக்காவிட்டால் தசை இறந்துவிடும். கை நிரந்தரமாகச் சுருங்கி மடங்கிவிடலாம். குழந்தைகளின் முழங்கை முறிவில் இவ்வாபத்து மிகுதி.

மருத்துவமனையில் இட்ட மாவுக்கட்டாயினும், வேறிடத்தில் இட்ட கட்டாயினும், விரல்கள் நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி ஏற்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு வர வேண்டும். வழியில் கட்டப்பட்ட உறுப்பை நெஞ்சின் உயரத்தில் தாங்கிப் பிடித்துக்கொள்ளவும். புண் திறந்திருக்கும் முறிவின்மீது பிரண்டை உட்பட எந்தப் பற்றையும் இடுதல் கூடாது. தூய துணியால் மூடினால் போதும். மண்ணும் சாறும் பட்ட புண்ணின் வழியே கிருமி எலும்புவரை சென்றுவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

தேறுவதற்கு உண்மையில் தேவையானவை

எலும்பு வலுப்பெற உணவு வேண்டும் என்னும் முன்னோரின் எண்ணம் சரியானதே. அந்த உணவில் பிரண்டைக்கு உரியது சிறிய இடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் அளித்த பரிந்துரைப்படி, வளர்ந்தோருக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேலும், 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமும் கால்சியம் உள்ளது. பிரண்டையிலும் கால்சியம் உண்டு; ஆயினும் அதன் ஒரு பகுதி ஆக்சலேட்டுடன் பிணைந்திருப்பதால் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. மேலும் நாம் உண்பது இரண்டு தேக்கரண்டியே. எனவே பாலும் தயிரும் கேழ்வரகும் சிறுமீனும் கால்சியத்திற்கும், பருப்பும் முட்டையும் புரதத்திற்கும் ஆதாரமாக இருக்கட்டும். துவையல் சுவைக்காக இருக்கட்டும்.

நோயுற்றவருக்குப் பசியின்மை ஒரு பெருந்தடை. வெறும் சோற்றைக் கண்டு முகம் திருப்பும் மூதாட்டி, சிறிது துவையல் இருந்தால் இரண்டு பிடி கூடுதலாக உண்பார். அவ்விரண்டு பிடியுடன் சேரும் பருப்பும் தயிரும் அவர் எலும்புக்குச் செய்யும் நன்மை உண்மையானது.

இவற்றுடன் வைட்டமின் டி, மருத்துவர் சொல்லிய உடற்பயிற்சி, புகைப்பழக்கத்தைக் கைவிடுதல், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியனவும் சேர வேண்டும். நின்ற நிலையில் விழுந்ததனாலேயே எலும்பு முறிந்திருந்தால், எலும்பு முன்னரே நலிந்திருந்தது என்று பொருள். அத்தகையோருக்கு மீண்டும் முறிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. எலும்புத் தேய்வுக்காக எழுதித் தரப்பட்ட மருந்தை, பிரண்டை உண்கிறோம் என்ற துணிவில் நிறுத்திவிடக் கூடாது.

ஆகவே கதவருகே நின்று கேட்கும் மகளுக்கும் மகனுக்கும் எங்கள் விடை இது. உங்கள் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறோ கல்லோ இல்லையென்றால், நன்கு வதக்கி அரைத்த துவையலைத் தயிர்ச்சோற்றுடன் சிறிதளவு கொடுங்கள். முடிந்தால் ஒரு தொட்டியில் நீங்களே வளருங்கள். அவர் தேறி எழுந்ததும் அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். மருந்தையும் கட்டையும் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது, இதுவரை கொடுத்துவந்த மூலிகை எதுவாயினும், தயங்காமல் சொல்லுங்கள்.